மிச்சக் கறியை முதலில் எடுத்து வைங்க! சண்டே மட்டனும் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜும்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில் ரிங் ரோடு வந்து சேரும் இடம் கப்பலூர். டோல்கேட்டால் ஊர் பெயர் பிரபலமாகிவிட்டாலும், உள்ளே இருப்பது வேலைக்குப் போகிறவர்களின் ஊர்தான். சிட்கோ தொழிற்பேட்டை, நூல் மில், சமையல் கேஸ் நிரப்பும் பிளான்ட் என ஷிஃப்ட் கணக்கில் ஓடும் வாழ்க்கை. வார நாளில் கறிக்கடை வாசலில் நிற்க யாருக்கும் நேரம் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிலோவாக வாங்கி, பாதியைக் குழம்பு வைத்துவிட்டு, மீதியை அப்படியே கடைக்காரர் கொடுத்த கவரோடு ஃப்ரிட்ஜில் தள்ளுவது பல வீடுகளில், அதைவிட அதிகமாக பேச்சுலர் ரூம்களில், வழக்கம்.

புதன்கிழமை ராத்திரி அந்தக் கவர் வெளியே வரும். ஒருத்தர் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிப்பார். இன்னொருத்தர், "அட விடு மாப்ள, நல்லா கழுவி, மஞ்சத்தூள் போட்டு, ரெண்டு விசில் கூட விட்டா எல்லாம் செத்துடும்" என்பார்.

பாக்டீரியா சாகும், வாஸ்தவம்தான். பிரச்னை என்னவென்றால், ஸ்டஃபிலோகாக்கஸ் மாதிரியான சில பாக்டீரியாக்கள் உணவில் பெருகும்போது ஒரு நச்சுப்பொருளை விட்டுவிட்டுப் போகும். அது கொதிநிலையைத் தாங்கும். பாக்டீரியா செத்த பிறகும் நச்சு குழம்பில் இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றைப் புரட்டல் என்று ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த ரகம். மஞ்சளுக்கு ஓரளவு கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு என்பதற்காக, கெட்டுப்போன கறியை அது திரும்ப நல்லதாக்காது.

மூக்கை நம்பலாமா என்றால், பாதிதான் நம்பலாம். கறியை நாற வைக்கும் பாக்டீரியாக்கள் வேறு, நம்மை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்றவை வேறு. நாற்றம் வந்தால் நிச்சயம் குப்பைக்குத்தான். ஆனால் நாற்றம் வராத கறி பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓட்டல் ஒன்றில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி இறந்துபோனது நினைவிருக்கும். அதே கடையில் சாப்பிட்ட 40-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி இறந்தபோது, ஷிகெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. இரண்டு தடவையும் அதிகாரிகள் கடை கடையாக ஏறி ரெய்டு நடத்தினார்கள். பழைய இறைச்சியைக் கிலோ கணக்கில் அழித்தார்கள். நல்லது. ஆனால் நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ரெய்டு வர யாரும் இல்லையே!

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

உணவுப் பாதுகாப்பில் உலகம் முழுக்க சொல்லப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலைதான் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டமான இடம். இந்த வெப்பநிலையில் பச்சைக் கறி மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த 2 மணி நேரம் 1 மணி நேரமாகச் சுருங்கிவிடும். மதுரைப் பக்கம் வருஷத்தில் எத்தனை நாள் பகலில் 32 டிகிரிக்குக் கீழே இருக்கிறது? மழைக்காலத்தையும் மார்கழி, தையையும் தவிர்த்துப் பார்த்தால் குறைவுதான். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஆக, நமக்கான கணக்கு 1 மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு கறார்? சூழல் சாதகமாக இருந்தால் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். மூன்று மணி நேரத்தில் 512. ஐந்து மணி நேரத்தில் 32 ஆயிரத்தைத் தாண்டிவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் கைக்கு அடக்கமாக இருப்பது, மதியச் சாப்பாட்டுக்குள் கையை மீறிவிடுகிறது.

இப்போது வழக்கமான ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்க. ஏழு மணிக்குக் கறி வாங்கியாச்சு. வரும் வழியில் டீக்கடையில் அரை மணி நேரம். வீட்டுக்கு வந்து கவரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு இட்லி சாப்பிட்டாச்சு. ஒன்பதரைக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பித்து, பத்தரைக்குத் தாளித்து, பாதிக் கறியை அள்ளிப்போட்ட பிறகுதான் "மிச்சத்தை உள்ள வைப்பா" என்று குரல் வருகிறது. அந்த மிச்சம் ஃப்ரிட்ஜுக்குள் நுழையும்போதே மூன்றரை மணி நேரப் பழசு. கடையில் தொங்கிய நேரம் தனி. அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ் எவ்வளவு குளிர்ந்தாலும், ஏற்கெனவே பெருகியதை அது குறைக்காது. ஃப்ரிட்ஜும் சரி, ஃப்ரீசரும் சரி, கடிகாரத்தை மெதுவாக்கும், நிறுத்தும். பின்னால் திருப்பாது. ஃப்ரீசரில் உறைந்த சால்மோனெல்லா செத்துப்போவதில்லை, தூங்குகிறது. ஐஸ் விட்டதும் எழுந்து வேலையைத் தொடரும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: மிச்சம் என்பது சமைத்த பிறகு மீதி இருப்பதல்ல. வீட்டுக்குள் நுழைந்ததும், சமைக்க ஆரம்பிக்கும் முன்பே, எடுத்து வைக்க வேண்டியது. இன்றைக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று முதல் பத்து நிமிடத்தில் பிரிச்சிடுங்க. அதற்கப்புறம் இட்லி சாப்பிடலாம்.

பிரிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கு

அரைக்கிலோவை ஒரே உருண்டையாக உறைய வைத்தால் நடுப்பகுதி குளிர ரொம்ப நேரமாகும். எடுக்கும்போதும் அதே தொல்லை. கால்கிலோ மட்டும் வேண்டும், ஆனால் முழுக் கட்டியையும் வெளியே வைத்து, கத்தியால் குத்திப் பிரித்து, மீதியைத் திரும்ப உள்ளே தள்ளுவோம். இந்த உள்ளே-வெளியே விளையாட்டுதான் ஃப்ரீசர் கறியைக் கெடுக்கும் முதல் காரணம் என்பேன். ஒரு வேளைக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவில் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி வைங்க. புத்தகம் மாதிரி அடுக்கலாம், சீக்கிரம் உறையும், சீக்கிரம் ஐஸ் விடும். கவர் மேல் மார்க்கரில் தேதி எழுத அஞ்சு செகண்ட்தான் ஆகும். எழுதாவிட்டால் "இது போன வாரமா, அதுக்கு முந்தின வாரமா" என்ற பஞ்சாயத்து நிச்சயம்.

கடையில் தரும் கறுப்பு கேரி பேக்கிலேயே வைக்க வேண்டாம். அது உணவைச் சேமிப்பதற்காகச் செய்ததல்ல. செய்தித்தாளில் சுற்றியும் வைக்காதீங்க. அச்சு மையில் இருக்கும் ரசாயனம் உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2023-ல்கூட எச்சரித்திருக்கிறது. ஜிப் கவர் இல்லையென்றால் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா போதும்.

ஈரல், சுவரொட்டி, குடல், கொத்துக்கறி ஆகியவற்றைத் துண்டுக்கறியோடு கலந்து வைக்காதீங்க. கொத்துக்கறியில் மேற்பரப்பு அதிகம். வெளியே இருந்த கிருமி கொத்தும்போது உள்ளே போய்விடுகிறது. ஈரலும் குடலும் இயல்பிலேயே வேகமாகக் கெடும். இவற்றை வாங்கிய அன்றே சமைப்பதுதான் புத்திசாலித்தனம். ஞாயிறு காலையில் ஈரல் வறுவல் முதலில் தட்டுக்கு வருவது சும்மா ருசிக்காக மட்டும் இல்லை போல!

காலையில் அறுத்த ஆட்டுக்கறியை வாங்கிய உடனே ஃப்ரீசரில் போட்டால், எடுத்துச் சமைக்கும்போது ரப்பர் மாதிரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அறுத்த சில மணி நேரத்தில் தசைகள் விறைத்து, பிறகு மெல்லத் தளரும். அந்த விறைப்பு முடிவதற்குள் உறைய வைத்தால், ஐஸ் விடும்போது தசை சுருங்கி இறுகிவிடும். எனவே முதலில் ஃப்ரிட்ஜில் குளிர வைத்து, ராத்திரி ஃப்ரீசருக்கு மாற்றுங்க. ருசிக்கான டிப்ஸ் இது. பாதுகாப்புக்கு இரண்டுமே சரிதான். பிராய்லர் கோழிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

உங்க ஃப்ரீசர் உண்மையிலேயே ஃப்ரீசர்தானா?

இணையத்தில் தேடினால் "மட்டன் ஃப்ரீசரில் பல மாதம் இருக்கும்" என்று வரும். அந்தக் கணக்கு மைனஸ் 18 டிகிரியில் நிலையாக இருக்கும் ஃப்ரீசருக்கானது. வாடகை வீட்டிலும் ரூமிலும் இருக்கும் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல நேரம் அந்த அளவுக்குப் போவதில்லை. ஃப்ரீசருக்கென்று சர்வதேச அளவில் தனி நட்சத்திரக் குறி இருக்கிறது. ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6, சுமார் ஒரு வாரம். இரண்டு என்றால் மைனஸ் 12, ஒரு மாதம். மூன்று என்றால் மைனஸ் 18, மூன்று மாதம். இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் 'பி.இ.இ' ஸ்டார் ஸ்டிக்கரோடு குழப்பிக்காதீங்க. அது கரன்ட் பில்லுக்கான ஸ்டார்.

எளிய சோதனை ஒன்று: ஐஸ்க்ரீம் கப் ஒன்றை ராத்திரி முழுக்க உங்க ஃப்ரீசரில் வைங்க. காலையில் கல் மாதிரி இருந்தால் நல்ல ஃப்ரீசர். ஸ்பூன் வழுக்கிக்கொண்டு இறங்கினால், அந்தப் பெட்டியை நம்பி மாதக்கணக்கில் கறி வைக்காதீங்க. ஒரு வாரத்துக்குள் முடிச்சிடுங்க.

சிங்கிள் டோரில் இன்னொரு வில்லன், நடுவில் இருக்கும் டீஃப்ராஸ்ட் பட்டன். உள்ளே ஐஸ் மலையாகச் சேர்ந்ததும் அதை அழுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். ஐஸ் உருகும்போது கறியும் சேர்ந்து உருகும். பிறகு தானாகத் திரும்ப உறையும். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் கல்லாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கறி இல்லாத நாளாகப் பார்த்து அந்தப் பட்டனை அழுத்துங்க. குளிர் அளவுக்கான திருகில் இருக்கும் எண்கள் டிகிரி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பொதுவாக எண் கூடினால் குளிரும் கூடும். வெயில் காலத்தில் 2-ல் வைத்தால் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஃப்ரீசரில் போடாமல் கீழே வைத்தால் எத்தனை நாள்? 4 அல்லது 5 டிகிரியில் இருக்கும் ஃப்ரிட்ஜில் கோழி, மீன், கொத்துக்கறி, ஈரல் எல்லாம் 1 முதல் 2 நாள். ஆட்டுத் துண்டுக்கறி 3 முதல் 5 நாள் என்பது பொதுவான வரையறை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும் நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு, மட்டன் என்றாலும் 2 நாள் என்று வைத்துக்கொள்வது என் கட்சி. மசாலா தடவி வைத்தாலும் இதே கணக்குதான். தயிரும் எலுமிச்சையும் சேர்த்த மசாலா நாளைக் கூட்டித் தராது.

எங்கே வைப்பது? பச்சைக் கறியை எப்போதும் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்வார்கள், ஒழுகினால் மற்றவற்றில் விழக் கூடாது என்பதற்காக. ஆனால் சிங்கிள் டோரில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் ட்ரேதான் அதிகக் குளிர். அதற்குக் கீழே என்னென்ன இருக்கும்? இட்லி மாவு, மூடாத தேங்காய்ச் சில், கொத்தமல்லிக் கட்டு, மதுரை வீடு என்றால் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப்பூ. கவரிலிருந்து சொட்டும் தண்ணீர் அந்தக் கொத்தமல்லியில் விழுந்தால், அது வேகாமல் நேராகச் சட்னிக்குப் போகும். கறியை நாம் வேக வைத்துவிடுவோம், சட்னியை வேக வைப்போமா? மூடி போட்ட, அடியில் ஒழுகாத டப்பா இருந்தால் அந்தக் குளிர் ட்ரேயிலேயே வைக்கலாம். கவர் மட்டும்தான் என்றால் கீழ்த்தட்டு.

டப்பாவில் தேங்கும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து, "ரத்தம் வடியுது, கெட்டுப்போச்சு" என்று பயப்பட வேண்டாம். தசையில் இருக்கும் மையோகுளோபின் கலந்த நீர் அது. மட்டன் லேசாகப் பழுப்பாவதும் காற்றுபட்டதால் இருக்கலாம். தொட்டால் பிசுபிசுவென்று வழுக்குகிறதா, புளித்த வாடை வருகிறதா, அப்போதுதான் யோசிக்காமல் தூக்கிப் போடணும்.

கழுவி வைக்கணுமா?

பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014-ல் "பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள்" என்றே பிரசாரம் செய்தது. குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளிகள் கேம்பிலோபாக்டரை சமையலறை முழுக்கப் பரப்பும் என்பது காரணம். இதை நம் அம்மாக்களிடம் சொன்னால் நம்மை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். எலும்புத்தூளும் முடியும் ஒட்டியிருக்கும் நம்மூர் கறிக்குக் கழுவாமல் முடியாது என்பதும் நியாயம்தான். அப்படியென்றால், வைக்கும்போது கழுவாதீங்க, ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கெடும். சமைக்கும்போது, குழாயைத் திறந்து விடாமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசுங்க. முடிந்ததும் சிங்க், கத்தி, கட்டிங் போர்டு, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெங்காயத்தைத் தொடணும்.

ஐஸ் விடுவதற்கும் இதே கவனம் வேண்டும். காலையில் ஷிஃப்டுக்குப் போகும்போது ஃப்ரீசர் கறியை எடுத்து மேடையில் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து சமைப்பது நிறைய பேர் செய்வது. உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் அறைச் சூட்டுக்கு வந்து, ஐந்தாறு மணி நேரம் பாக்டீரியாவுக்கு விருந்து நடந்துகொண்டிருக்கும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. மறந்துவிட்டால், கவரை நன்றாக மூடிக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்க. தட்டையான அரைக்கிலோ பாக்கெட் ஒரு மணி நேரத்தில் தயார். அப்படி எடுத்ததை உடனே சமைச்சிடணும், திரும்ப உறைய வைக்கக் கூடாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில்

நம்மாட்கள் இந்தப் பிரச்னையை மிச்சமே வைக்காமல் தீர்த்தார்கள். தீபாவளிக்குப் பத்து வீடு சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது மதுரைப் பக்கக் கிராமங்களில் இப்போதும் உண்டு. பக்ரீத்தில் குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி உறவினர்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் விழாவில், ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடத்துபவர்கள் கூடி, ராத்திரியோடு ராத்திரியாக ஆடுகளை அறுத்து அண்டா அண்டாவாக பிரியாணி போட்டு, விடிந்ததும் பிரசாதமாகக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அத்தனை கறிக்கும் ஃப்ரீசர் தேவைப்படுவதே இல்லை.

மீந்ததற்கு உப்புக்கண்டம் இருந்தது. எலும்பில்லாத கறியை நீளமாகக் கீறி, உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி, நூலில் கோத்து மொட்டை மாடி வெயிலில் நாள்கணக்கில் காய வைத்தார்கள். உப்பும் வெயிலும் சேர்ந்து நீரை உறிஞ்சிவிட்டால், பாக்டீரியாவுக்கு வாழ வழியில்லை. ஒடித்தால் சுள்ளி மாதிரி உடையும் வரை காய்ந்தால்தான் அது உப்புக்கண்டம். ரீல்ஸ் பார்த்து ஒரே நாள் காய வைத்து டப்பாவில் அடைத்தால், உள்ளே ஈரத்தோடு இருக்கும் வெறும் உப்புக் கறிதான் அது. மழைக்காலத்தில் முயற்சி செய்யவே வேண்டாம்.

கடைசியாக, கரன்ட் கட். பராமரிப்புக்காக ஒரு பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளில் கதவைத் திறக்காமல் விட்டால், ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்த, நல்ல ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. சிங்கிள் டோரின் சின்னப் பெட்டியில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. கறியில் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க இளகி, குளிர்ச்சியும் போயிருந்தால் வேண்டாம்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ரூமைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு, நாம் இல்லாதபோது கரன்ட் போனதா என்று எப்படித் தெரியும்? ஒரு டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து ஃப்ரீசரில் கட்டியாக உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்க. திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. டம்ளரின் அடியில் உறைந்து கிடந்தால், நடுவில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கறி எவ்வளவு கல்லாக இருந்தாலும் அதைச் சமைக்காதீங்க.